பிரேக் லைட் எரிகிறது என்பதால் சுவிட்சை நம்பிவிடாதீர்கள்

பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தியும் இன்ஜின் கிளம்பவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் 'பி'யை விட்டு நகர மறுக்கிறது. குரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யவில்லை. மூன்றுக்குமே பெடல் தண்டுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்ச் காரணமாகலாம்.

செய்ய வேண்டியவை

• ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் பல்போ ஹோல்டரோதான். எதுவுமே எரியாவிட்டால் முதலில் பியூஸ், அப்புறம் சுவிட்ச்.

• மிதிக்காமலே விளக்கு எரிந்தால் டார்ச் அடித்துப் பெடல் தண்டைப் பாருங்கள். சுவிட்சின் முனை முட்டி நிற்கும் இடத்தில் பல வண்டிகளில் ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பொத்தான் இருக்கும். வயதானால் அது நொறுங்கிக் கால்மிதியில் துண்டுகளாகக் கிடக்கும். சுவிட்ச் நன்றாகவே இருக்கும். பொத்தானை மாற்றினால் போதும். ஆனால் நாளைக்கென்று விடாதீர்கள். 21 வாட் பல்புகள் இரண்டு சேர்ந்தால் சுமார் 3.5 ஆம்பியர் இழுக்கும். சின்னக் காரின் பேட்டரி ஒரே இரவில் இறங்கிவிடும்.

• மல்டிமீட்டர் இருந்தால், சாதாரண சுவிட்சில் ஒரு முனையில் எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும். மிதிக்கும்போது மறுமுனையிலும் வர வேண்டும்.

• ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் சுவிட்சுக்குள் இரண்டு சர்க்யூட் உண்டு: ஒன்று விளக்குக்கு, மற்றொன்று கம்ப்யூட்டருக்கு. மிதித்தால் ஒன்று இணையும், மற்றது பிரியும். இரண்டும் ஒத்துப்போகாதபோது ஸ்கேனரில் வருவதுதான் பி0504 என்ற கோளாறு எண். விளக்கு பளிச்சென்று எரியும்போதே வண்டி கிளம்பாமல் நிற்பது இதனால்தான்.

செய்யக்கூடாதவை

• ஒயர்களைச் சேர்த்து முறுக்கி 'இப்போதைக்கு' ஓட்டாதீர்கள். எந்த மெக்கானிக் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். விளக்கு நிரந்தரமாக எரிந்தால், நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியவே தெரியாது.

• பியூஸ் போகிறதென்று பெரிய பியூஸ் போடாதீர்கள்.

• புது சுவிட்சை அளவுக்கு மீறி உள்ளே தள்ளிப் பொருத்தாதீர்கள். பெடல் முழுதாக மேலே வராமல் பிரேக் உரசிச் சூடேறும். மாட்டும் முறை வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

• 'பி'யில் சிக்கிய லீவரைப் பலங்கொண்டு இழுக்காதீர்கள். பல வண்டிகளில் லீவருக்குப் பக்கத்தில் சின்ன மூடி இருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு அதற்குள்ளே அழுத்தினால் பூட்டு விடுபடும். பிரேக் லைட் எரியாத வண்டியை மட்டும் அப்படி எடுத்துக்கொண்டு சாலையில் இறங்க வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.