ஆணுமில்லை, பெண்ணுமில்லை: அவரை எப்படி எழுதுவது?

அன்பு மருமகளே,

உன் கதையை இரண்டு தடவை படித்தேன். குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம். எங்கிருந்தோ ஓர் உயிர் அங்கே வந்து தங்குகிறது. ஆணில்லை, பெண்ணில்லை. போடியிலிருந்து ஜீப்பில் ஏறி வரும் பெண்களோடு சேர்ந்து காய் எடுக்கிறது. "மாமா, இதை அவன் என்பதா, அவள் என்பதா, அது என்பதா?" என்று ஓரத்தில் கேட்டிருக்கிறாய். கதையின் பாதி வேலை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, தாயி.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சுட்டுப்பெயர் ஒன்றுதான் தொல்லை. நமக்கு வினைமுற்றும் சேர்ந்துகொள்கிறது. வந்தான், வந்தாள், வந்தது என்று படர்க்கையில் பெரும்பாலான வாக்கியங்கள் பாலைச் சொல்லிவிட்டுத்தான் முடியும். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்குப் போய்விட்டால் இந்தச் சிக்கல் பாதியாகிவிடும். மலையாளத்தில் அவன் வந்தாலும் அவள் வந்தாலும் அது வந்தாலும் வினை ஒரே 'வன்னு'தான்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969இல் 'இருளின் இடக்கை' என்று பொருள்படும் நாவலை எழுதினார். அதில் வரும் கோளின் மனிதர்கள் மாதத்தில் பெரும்பகுதி நாள் ஆணுமல்ல, பெண்ணுமல்ல. ஆனாலும் எல்லோரையும் 'அவன்' என்றே எழுதினார். படித்தவர்கள் மனத்தில் அத்தனை பேரும் ஆண்களாகவே பதிந்துபோனார்கள். முதலில் அதற்கு நியாயம் சொன்னவர், பிற்பாடு அது சரியில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அதே உலகில் நடக்கும் ஒரு சிறுகதையை 1975இல் தொகுப்பில் சேர்த்தபோது எல்லோரையும் 'அவள்' ஆக்கினார். 'அவன்' என்று எழுதிவிட்டு, வாசகர் ஆணென்று எண்ணமாட்டார் என்று நம்புவது வீண். இதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்.

நம் இலக்கணக்காரர்கள் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஆண்தன்மை திரிந்தவர்க்கும் தெய்வத்துக்கும் தனி விகுதி கிடையாது, உயர்திணைக்குரிய விகுதிகளையே அவர்களும் பெறுவார்கள் என்கிறது தொல்காப்பியம். 'ஒருவர்' என்ற சொல் ஆண், பெண் இரண்டுக்கும் பொது என்றும் சொல்கிறது. 'ஒருவர் வந்தார்' என்றால் ஆள் ஒருவர்தான், விகுதி பலர்பாலுக்கு உரியது. நன்னூலும் இதை ஏற்கிறது. ஒற்றை ஆளைப் பன்மையால் சொல்லிப் பாலை மறைக்கும் வழியை ஆங்கிலத்தில் இன்று பெரிய விவாதமாக்குகிறார்கள். நாமோ அதைக் கடைத்தெருவில் தினமும் பேசுகிறோம்.

அப்படியானால் 'அவர்' என்று எழுதிவிட்டுப் போகலாமா? போகலாம், ஒரு விலை கொடுத்து. 'அவர்' பாலை மறைக்கிறது, மரியாதையை மறைக்காது. அந்தச் சொல் விழுந்ததும் வயதும் தூரமும் கூடவே வந்துவிடும். உன் பாத்திரம் பத்து வயதுப் பிள்ளை போல ஓடுகிற இடத்தில் 'அவர் ஓடினார்' என்றால் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்தான் கண்முன் நிற்பார்.

'அது' இதற்கு நேர் எதிர். ஆனால் நம் பக்கத்துப் பேச்சைக் கவனி. "பிள்ளை தூங்கிருச்சு" என்கிறோம். "அந்தப் பொண்ணு நேத்தே வந்துருச்சு" என்கிறோம். கோயில் கொடையில் "சாமி இறங்கிருச்சு" என்று கும்பிடுகிறோம். பிள்ளைக்கும் சாமிக்கும் ஒரே விகுதி. அதில் இளப்பம் துளியும் இல்லை, பிரியமும் பக்தியும்தான். அதே சொல்லை உன் கதையில் வரும் கங்காணி முகத்தைச் சுளித்துக்கொண்டு "அதுக்கு எதுக்குக் கூலி?" என்று சொன்னால் அது அடி. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் 'என்றது' என்றேதான் பேசும். அதனால் அதன் மேல் யாருக்கும் பாசம் குறையவில்லை. ஜீனோ நாய் என்பதால் அந்தச் சலுகை. மனித உருவில் வருகிறவரைக் கதைசொல்லியே 'அது' என்றால் வாசகர் உன்னைத்தான் சந்தேகிப்பார்.

ஆகவே என் தீர்ப்பு: கதைசொல்லி 'அவர்' என்றே சொல்லட்டும். பாத்திரங்கள் அவரவர் வாய்க்கு வந்தபடி சொல்லட்டும். ஜீப்பில் வரும் கிழவி "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?" என்று கேட்கட்டும். கங்காணி "அது" என்று அதட்டட்டும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் புகைபோக்கி தீப்பிடிக்கும் உன் கடைசிக் காட்சியில் அதே கங்காணி வாயில் முதல்முறையாக "அவரு" வரட்டும். அவன் மாறிவிட்டான் என்று நீ தனியாக ஒரு வரி எழுதவே வேண்டாம்.

'அவர்' அடுக்கடுக்காக வந்து உறுத்தினால் தப்பிக்கவும் தமிழில் வழி உண்டு. எச்சங்களுக்குப் பால் கிடையாது. 'க்கு' சேர்ந்த வாக்கியங்களுக்கும் கிடையாது. "அவர் குனிந்தார். அவர் காயைக் கிள்ளினார். அவர் முகர்ந்தார்" என்று எழுதியிருக்கிறாய். இப்படி மாற்றிப் பார்: "செடித் தூரில் குனிந்து, சரத்தில் முற்றிய காயை மட்டும் கிள்ளி, மூக்கருகே கொண்டுபோனபோது, வந்தவருக்கு இந்த மலை பிடித்துப்போனது." அந்த உயிரையே பேசவிட்டால் இன்னும் சுலபம். 'வந்தேன்' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பெயரும் அப்படியே: கண்மணி, தங்கம், தமிழ் என்று இருபாலுக்கும் வைக்கும் பெயர்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு தொழிலாளி, வந்தவரைத் திருநங்கை என்று சொல்ல, கதையும் அதை ஒப்புக்கொள்கிறது. அதை எடுத்துவிடு. திருநங்கை பெண், அவளை 'அவள்' என்றுதான் சொல்ல வேண்டும். உன் கற்பனை உயிரை விளக்க அவளை இரவல் வாங்காதே. நிஜ மனிதர் ஒருவரைப் பற்றி எழுதும் நாள் வந்தால், எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்.

திருத்திய படியை வாய்விட்டு ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்பு. ஆவணி முடிவதற்குள் அனுப்பினால் மாமாவுக்குச் சந்தோஷம்.

அன்புடன்,
மாமா