சைக்கிளைப் பூட்டுவோம், உழைப்பைக் காப்போம்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துக்குச் சைக்கிளே வண்டில். அளவெட்டியில் தங்கியிருந்து தூரத்துத் தோட்டத்துக்குப் போய்வருவோர் மண்வெட்டியையும் நாற்றையும் அதில்தான் கொண்டுபோகின்றனர். வெங்காயமும் கத்தரியும் சுன்னாகம் சந்தைக்கு அதில்தான் வருகின்றன. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத குடாநாடு சைக்கிளை நம்பியே ஓடியது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும் எமது மூட்டைகளைச் சுமந்தது அதுவே. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அதன் விலை வெகுவாக ஏறியது. களவு போனால் இன்னொன்று வாங்குவது இலகுவன்று. ஆகவே அதைக் காக்கும் முறையை அறிந்துகொள்வோம்.

வளையப் பூட்டு போதுமா?

பல சைக்கிள்களில் பின்சில்லோடு ஒரு வளையப் பூட்டு உண்டு. அது சில்லைச் சுழலவிடாது, அவ்வளவுதான். கள்வன் வண்டியைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றிவிடலாம். எனவே அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டவேண்டும். இதற்குத் தடித்த சங்கிலியும் ஆமைப்பூட்டும் தேவை. மெல்லிய கம்பிவடப் பூட்டைக் குறட்டினாலேயே நறுக்கலாம்.

பூட்டும் முறை

1. பின்சில்லு, பிரேம், தூண் மூன்றையும் சேர்த்துச் சங்கிலியைச் சுற்றுங்கள். முன்சில்லை மட்டும் பூட்டினால், அதைக் கழற்றி விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவார்கள்.

2. கதியால் வேலியில் பூட்டாதீர்கள். கதியாலை வெட்டலாம், பிடுங்கலாம். குட்டைத் தூணும் உதவாது. சங்கிலியை மேலால் கழற்றிவிடலாம்.

3. சங்கிலி தொய்யவோ நிலத்தில் கிடக்கவோ கூடாது. நிலத்தில் கிடந்தால் கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் உடைப்பார்கள்.

4. திறப்புத் துவாரம் கீழ்நோக்கி இருக்கட்டும். மாரி நீர் உள்ளே இறங்காது. இடையிடையே தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விடுங்கள்.

5. தூண் இல்லாத தோட்டக்கரையில் இரண்டு சைக்கிள்களை எதிரெதிர்த் திசையில் நிறுத்தி, பிரேமோடு பிரேம் சேர்த்துப் பூட்டுங்கள்.

தற்காலிகக் கொட்டிலில் பூட்டுவதற்கு யன்னல் கம்பி இராது. ஒன்றரை அடிக் கிடங்கு வெட்டி, வளையம் ஒட்டிய இரும்புக் குழாயைக் கொங்கிறீற் இட்டு ஊன்றலாம். நாலைந்து குடும்பங்கள் செலவைப் பகிர்ந்தால் எல்லோருக்கும் ஒரே இடம் போதும். காணி பிறருடையதாயின் முதலில் அவரிடம் கேளுங்கள்.

அடையாளம்

பெடல் அச்சின் கீழோ, இருக்கையின் கீழோ பிரேமில் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொப்பியில் எழுதிவையுங்கள். இடப்பெயர்வில் ரசீது தொலைந்திருந்தால், பெயர் எழுதிய தாளைப் பொலித்தீனில் சுற்றி இருக்கைக் குழாயினுள் இடுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது இவை கைகொடுக்கும்.

மலிவு வண்டி

ரசீதின்றி அரைவிலைக்கு வரும் சைக்கிளை வாங்கவேண்டாம். வாங்குவோர் உள்ளவரைதான் கள்வனுக்குத் தொழில் நடக்கும். அது எம்மைப் போலவே இடம்பெயர்ந்த ஒருவருடைய சைக்கிளாக இருக்கலாம். அயலவரின் உடைமையைத் தன்னுடையதைப் போல் காப்பதே அயலன்பு.

கலந்துரையாடுவோம்

1. எமது ஊரில் சைக்கிள்கள் எங்கே, எந்த நேரத்தில் களவு போகின்றன?

2. பொதுப் பூட்டுத் தூண் ஒன்றை எங்கே ஊன்றலாம்? பொறுப்பை யார் ஏற்பது?

3. கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரும் இன்றே தம் சைக்கிளின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டோமா?