கோடையில் உருகி, குளிரில் விளக்கெரிக்கும் பனி

கெந்திங் மலை உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. சுவிட்சர்லாந்தின் செர்மாட் கிராமமோ சுமார் 1,600 மீட்டர்தான். ஆனாலும் குளிர்காலத்தில் செர்மாட்டின் கூரைகள்மேல் பனி குவிந்து கிடக்கும். கெந்திங்கில் மேகமும் சாரலும் மட்டுமே. மாணவர்களே, ஏன் இப்படி?

குளிரை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. செர்மாட் 46 பாகை வட அட்சரேகையில் உள்ளது. டிசம்பர் பிற்பகுதியில் அங்கே நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து சுமார் 21 பாகைதான் ஏறும். சாய்வாக விழும் ஒளி அதிகப் பரப்பில் பரவுவதால் நிலம் குறைவாகவே சூடாகிறது. நம் நாட்டில் அதே நாளில் சூரியன் 60 பாகைக்கும் மேலே நிற்கும்.

பனிச்சறுக்குதான் செர்மாட்டின் குளிர்காலப் பிழைப்பு. வானம் ஏமாற்றினால் இயந்திரங்கள் பனி தயாரிக்கின்றன. உடனே ஐஸ் கச்சாங் இயந்திரத்தை நினைத்துவிடாதீர்கள்! இங்கே எதையும் சீவுவதில்லை. நீரை மிக நுண்ணிய துளிகளாகக் குளிர்ந்த காற்றில் பீய்ச்சுகிறார்கள். துளியின் ஒரு பகுதி ஆவியாகும்போது மீதியிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மீதி உறைந்து தரையில் விழுகிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமானால் ஆவியாதல் குறையும். அதனால்தான் இயந்திரத்தை இயக்குபவர்கள் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் பார்க்கிறார்கள்.

இனி ஜூலை மாதத்துக்கு வருவோம். கிராமத்தில் புல்வெளி, பூக்கள், மலையேறிகள். அங்கிருந்து கேபிள் காரில் 3,883 மீட்டர் உயரத்துக்குச் சென்றால், கோடையிலும் பனியாற்றின்மேல் சறுக்கலாம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். கிராமத்தில் 18 பாகை செல்சியஸ் என்றால் உச்சியில் எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 3 பாகை.

3 பாகை என்பது உறைநிலைக்கு மேல்தானே, பனி ஏன் உடனே உருகிவிடவில்லை? 0 பாகையில் உள்ள 1 கிலோ பனிக்கட்டியை உருக்கவே சுமார் 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பம் 1 கிலோ நீரை 0 பாகையிலிருந்து ஏறக்குறைய 80 பாகைவரை சூடாக்கிவிடும்! இதுவே உருகுதலின் உள்ளுறை வெப்பம். மேலும், புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. பழைய, அழுக்கேறிய பனிக்கட்டி அதில் பாதியைக்கூடத் திருப்புவதில்லை.

2022-இல் நடந்தது இதுதான். குளிர்காலத்தில் பனி குறைவு. மார்ச்சில் சஹாரா பாலைவனத் தூசி ஆல்ப்ஸ் மலைப்பனியின்மேல் படிந்தது. பிறகு கடும் வெயில். ஜூலை இறுதியில் செர்மாட்டின் கோடைச் சறுக்கலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தங்கள் கொள்ளளவில் சுமார் 10 விழுக்காட்டை இழந்தன.

சறுக்கல் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. செர்மாட் பனியாறுகளின் உருகுநீர் வீணாவதில்லை. மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் வழியாக, வேறொரு பள்ளத்தாக்கில் உள்ள கிராண்ட் டிக்சென்ஸ் அணைக்குப் போகிறது. அணையின் உயரம் 285 மீட்டர். செப்டம்பர் வாக்கில் நிரம்பும் ஏரி, குளிர்காலம் முழுவதும் மின்சாரம் தந்து, ஏப்ரலில் மிகக் குறைந்த மட்டத்துக்கு இறங்கும். கோடையில் உருகிய பனிதான் குளிர்காலத்தில் விளக்கெரிக்கிறது. பனியாறு வேகமாக உருகும்போது சில காலம் நீர் பெருகும். அது சிறுத்தபின் கோடை நீரும் குறையத் தொடங்கும். சறுக்குத் தளத்துக்கான பனியை இயந்திரம் தரும். பல நூறு ஆண்டுகளாக இறுகிய பனியாற்றை எந்த இயந்திரமும் தராது.

ஆல்ப்ஸில் ரோன் பனியாற்றின் ஒரு பகுதியைக் கோடையில் வெள்ளைத் துணியால் மூடுகிறார்கள். நீங்களும் சோதிக்கலாம். ஒரே அளவிலான இரண்டு பனிக்கட்டிகளை வெயிலில் வையுங்கள். ஒன்றை வெள்ளைத் துணியாலும் மற்றதைக் கறுப்புத் துணியாலும் மூடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள். இரண்டு துணிகளும் ஒரே தடிமனாக இருக்கட்டும். ஏன் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.