வேலையில்லாதவர் யார்?

ஐப்பசி மாத அடைமழை. சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு கைத்தறி நெசவாளரின் வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. பாவு ஈரம் ஏறிக் கிடக்கிறது. அந்த வாரத்தில் ஒரே நாள், ஒரு மணி நேரம் மட்டும் அவரால் நெய்ய முடிந்தது. அவர் வேலையில் இருப்பவரா, இல்லாதவரா?

விடை காணுமுன், வேலையின்மையைப் பொருளாதாரம் எப்படி அளக்கிறது என்று பார்ப்போம்.

வேலை செய்யாத எல்லோரும் வேலையில்லாதவர் அல்லர். பள்ளி மாணவர், ஓய்வு பெற்ற தாத்தா ஆகியோர் இக்கணக்கில் சேரார். சமையலும் துவைப்புமாக நாள் முழுதும் உழைக்கும் அம்மாவும் சேரார்; வீட்டு வேலையை இக்கணக்கு காண்பதில்லை. ஆனால் அதே அம்மா கணவரின் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தால், கூலி பெறாவிட்டாலும் அவர் உழைப்பாளராகி விடுகிறார்!

வேலை செய்வோரும், வேலை கிடைத்தால் செய்ய ஆயத்தமாக இருப்போரும் சேர்ந்ததே உழைப்பாளர் தொகுதி. அதில் வேலை கிடைக்காதோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே வேலையின்மை வீதம்.

ஒரு கற்பனை ஊரில் 1000 பேர். 450 பேர் வேலையில் உள்ளனர்; 50 பேருக்கு வேலை கிடைக்கவில்லை. உழைப்பாளர் தொகுதி 500. வீதம் 10 சதவீதம். தேடிச் சலித்து 20 பேர் முயற்சியையே கைவிட்டால்? தொகுதி 480, வேலையற்றோர் 30, வீதம் 6.25. ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆயினும் வீதம் குறைந்துவிட்டது!

வேலையின்மையின் வகைகள்

பருவ கால வேலையின்மை: ஆத்தூர், இராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு வரவேண்டும், காயவைக்க வெயிலும் வேண்டும். கிழங்கு வரத்து ஓய்ந்தால் கூலியாட்களின் வேலையும் ஓயும்.

அமைப்பு சார்ந்த வேலையின்மை: பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறிகள் பெருகின. அங்கே ஒருவர் பல தறிகளைக் கவனிக்கிறார். நன்றாகக் கற்ற கைத்தொழிலுக்கே தேவை குறைகிறது. சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது இதனால்தான்.

சுழற்சி வேலையின்மை: நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் பல உண்டு. நாட்டில் வாணிபம் மந்தமானால் சரக்கு குறையும். புது லாரி வாங்க ஆளிராது. பற்றவைப்பவரும் பெயிண்டரும் கையைக் கட்டி உட்கார நேரும். 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில், 1933-இல் அமெரிக்க உழைப்பாளரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தார்.

மறைமுக வேலையின்மை: மூவர் போதுமான மானாவாரி நிலத்தில் ஐவர் பாடுபடுகின்றனர். இருவர் விலகினாலும் நிலக்கடலை விளைச்சல் குறையாது. வேலை இருப்பது போல் தோன்றும். உண்மையில் இருவருக்கு வேலையில்லை. இச்சொல்லை 1936-இல் வழங்கியவர் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன். நல்ல வேலை இழந்து, கிடைத்த சிறு வேலையில் காலம் தள்ளியவர்களை அவர் அப்படிக் குறித்தார். பின்னர் அது உழவுக்கும் பொருந்தி வந்தது.

நோய்க்கு ஏற்ப மருந்தும் மாறும். பருவ வேலையின்மைக்கு இடைக்கால வேலை உதவும். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை தர வழி செய்தது. தொழில் மாறும்போது புதுப் பயிற்சி வேண்டும். மந்தத்தின்போது அரசு செலவிட்டுத் தேவையைப் பெருக்க வேண்டும் என்றார் கெய்ன்ஸ்.

இனி நம் நெசவாளரிடம் வருவோம். 2017 முதல் இந்தியாவில் நடந்துவரும் உழைப்பாளர் கணக்கெடுப்பின் வார அளவுகோல்படி, ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்தவர் வேலையில் உள்ளவரே! ஆகவே அவர் வேலையில்லாதவர் அல்லர். ஆனால் அவர் வீட்டு அடுப்பு வேறு விடை சொல்லும். வேலையின்மை வீதத்தைப் படிக்கும்போது, எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

செய்து பாருங்கள்: உங்கள் தெருவில் பத்து வீடுகளில் கேட்டு, வீதத்தைக் கணக்கிடுங்கள். பின், கடந்த மாதம் ஒவ்வொருவரும் எத்தனை நாள் உழைத்தனர் என்று குறியுங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா?