கைக்குள் ஒரு வீடு

காலை ஏழரை மணி. பெருவிரைவு ரயிலில் கூட்டம் நெரிகிறது. வேலைக்குச் சென்றுகொண்டிருக்கும் பெண் ஒருவருக்குத் திடீரென்று ஓர் ஐயம் எழுகிறது. ‘இஸ்திரி போட்ட பிறகு சுவிட்சை அணைத்தேனா, இல்லையா?’ வீட்டில் வயதான மாமியார் மட்டும்தான் இருக்கிறார். முன்பெல்லாம் இப்படி ஓர் ஐயம் வந்தால், அடுத்த நிலையத்தில் இறங்கி வீட்டுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. இன்றோ, அவர் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு செயலியைத் திறக்கிறார். இஸ்திரிப் பெட்டியின் படத்துக்குக் கீழே ‘அணைந்துள்ளது’ என்ற சொல் தெரிகிறது. அவர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்.

அந்தச் சொல் உண்மையாக இருந்தால் நல்லது. பொய்யாக இருந்தால்? இஸ்திரிப் பெட்டி வீட்டில் சூடேறிக்கொண்டிருக்கும். அவரோ கவலையின்றிப் பயணத்தைத் தொடர்வார். வீட்டுச் சாதனங்களை இயக்கும் செயலியை வடிவமைப்பது வெறும் அழகான திரையை வரையும் வேலையன்று என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சி உணர்த்துகிறது.

திறன்மிகு இல்லம்

விளக்கு, மின்விசிறி, குளிரூட்டி, கதவுப் பூட்டு போன்றவற்றைத் தொலைவிலிருந்தே இயக்கும் வசதியுள்ள வீட்டைத் ‘திறன்மிகு இல்லம்’ என்பர். இந்த எண்ணம் புதியதன்று. 1975ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம் ‘எக்ஸ்10’ என்ற முறையை உருவாக்கியது. சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளின் வழியாகவே அது சாதனங்களுக்குக் கட்டளைகளை அனுப்பியது. இன்று வைஃபை, புளூடூத், ஸிக்பீ போன்ற கம்பியில்லாத் தொடர்புகள் அந்த வேலையைச் செய்கின்றன.

சிங்கப்பூரில் ‘அறிவார்ந்த தேசம்’ திட்டம் 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பொங்கோல் நார்த்ஷோர் வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில், மின்சாரப் பயன்பாட்டைச் செயலி வழியாகக் கவனிக்க உதவும் மின்சாதன அமைப்புகள் இடம்பெற்றன.

ஆனால், ஒரு சிக்கல் நீண்ட காலமாக இருந்துவந்தது. ஒரு நிறுவனத்தின் விளக்கு பேசும் ‘மொழி’ இன்னொரு நிறுவனத்தின் செயலிக்குப் புரிவதில்லை. அதனால், ஒரே வீட்டுக்கு நான்கைந்து செயலிகள் தேவைப்பட்டன. இதைத் தீர்க்கப் பல நிறுவனங்கள் ஒன்றுகூடி உருவாக்கிய ‘மேட்டர்’ என்னும் பொதுத் தரநிலை 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஒரு கட்டளையின் பயணம்

திரையில் ‘அணை’ என்ற பொத்தானைத் தொட்டவுடன் என்ன நடக்கிறது? அந்தக் கட்டளை கைத்தொலைபேசியிலிருந்து இணையம் வழியாகத் தொலைவிலுள்ள ஒரு வழங்கிக் கணினியைச் சென்றடைகிறது. அங்கிருந்து வீட்டிலுள்ள வைஃபை ரௌட்டருக்கு வருகிறது. பிறகு, மின்செருகியை அடைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ‘வேலை முடிந்தது’ என்ற பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. பெரும்பாலும் இவையனைத்தும் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

இத்தகைய சிறு செய்திகளைச் சுமந்து செல்லும் முறைகளுள் ஒன்று ‘எம்கியூடிடி’. எண்ணெய்க் குழாய்களைத் துணைக்கோளம் வழியாகக் கண்காணிப்பதற்காக 1999ஆம் ஆண்டில் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இரு பொறியாளர்கள் இதை வடிவமைத்தனர். பாலைவனத்து எண்ணெய்க் குழாய்க்குப் பயன்பட்ட முறை, இன்று படுக்கையறை விளக்குக்கும் பயன்படுகிறது.

தாளில் தொடங்கும் வேலை

செயலியை உருவாக்குவோர் முதலில் கணினியின் முன் அமர்வதில்லை. அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் சென்று பேசுகின்றனர். எடுத்துக்காட்டாக, ரயிலில் சென்ற அந்தப் பெண்ணின் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். அவருக்குத் தேவை, வெளியில் இருக்கும்போது வீட்டின் நிலை. பள்ளியிலிருந்து வரும் மகனுக்குத் தேவை, கதவைத் திறக்கும் வசதி. பாட்டிக்குத் தேவை, இருட்டில் தடுமாறாமல் குளியலறை விளக்கைப் போடுவது. ஒரே வீடுதான், ஆனால், மூவரின் தேவைகளும் வெவ்வேறு.

தேவைகளை அறிந்த பிறகு, வடிவமைப்பாளர்கள் திரைகளைத் தாளில் வரைகின்றனர். தாளில் வரைந்த பொத்தானை அழித்து மாற்றுவது எளிது. நிரலாக எழுதிய பின் மாற்றுவது கடினம். அந்தத் தாளைப் பாட்டியிடம் காட்டி, “விளக்கைப் போட எதைத் தொடுவீர்கள், பாட்டி?” என்று கேட்கலாம். அவர் தயங்கினால் குறை பாட்டியிடம் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது.

இத்தகைய சோதனைகளால் பல உண்மைகள் தெரியவருகின்றன. பொத்தான் மிகச் சிறியதாக இருந்தால், நடுங்கும் விரல் பக்கத்துப் பொத்தானைத் தொட்டுவிடும். தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டி கூறுகிறது. ‘போட்டிருந்தால் பச்சை, அணைந்திருந்தால் சிவப்பு’ என்று நிறத்தை மட்டும் நம்பினால், நிறக்குருடு உள்ளவர்களுக்கு வேறுபாடு தெரியாது. எனவே, நிறத்துடன் சொல்லும் வேண்டும். அந்தச் சொல் பாட்டிக்குத் தெரிந்த மொழியில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரே திரையில் எல்லா வசதிகளையும் திணிக்க வேண்டும் என்ற ஆசையும் வடிவமைப்பாளர்களுக்கு வருவதுண்டு. ‘அகல உழுவதை விட ஆழ உழுவதே மேல்’ என்னும் முதுமொழி இங்கும் பொருந்தும். நாள்தோறும் பயன்படும் நான்கு பொத்தான்கள் முதல் திரையில் இருந்தால் போதும். மற்றவை உள்ளே இருக்கலாம்.

உண்மையைச் சொல்லும் திரை

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வரலாம். திரை பொய் சொல்ல முடியுமா? முடியும். நள்ளிரவில் வீட்டு ரௌட்டர் செயலிழந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது இஸ்திரிப் பெட்டி அணைந்திருந்தது. காலையில் அந்தப் பெண் மின்செருகியிலுள்ள பொத்தானைக் கையால் அழுத்தி இஸ்திரி போடுகிறார். அந்தச் செய்தி வழங்கிக் கணினிக்குச் செல்லவே இல்லை. செயலியோ, தனக்குக் கடைசியாகத் தெரிந்த இரவு நிலையையே ‘அணைந்துள்ளது’ என்று காட்டுகிறது. அது பழைய செய்தி. ஆனால், பார்ப்பவருக்கு அது புதிய செய்தியாகத் தோன்றுகிறது.

நல்ல செயலி இந்த வேறுபாட்டை மறைக்காது. கட்டளை அனுப்பப்பட்டதும் ‘அணைகிறது’ என்று காட்டும். சாதனத்திடமிருந்து பதில் வந்த பிறகே ‘அணைந்துள்ளது’ என்று மாற்றும். பதில் வராவிட்டால், ‘தொடர்பு இல்லை, இது இரவு 12.10 மணி நிலை’ என்று வெளிப்படையாகச் சொல்லும். இச்செய்தி அந்தப் பெண்ணுக்கு நிம்மதி தராது. ஆயினும், மாமியாரைத் தொலைபேசியில் அழைத்து, “அத்தை, இஸ்திரிப் பெட்டி சுவிட்சைக் கொஞ்சம் பாருங்கள்” என்று சொல்ல வைக்கும்.

வேறு சில முடிவுகளும் பாதுகாப்பைக் கருதியே எடுக்கப்படுகின்றன. இஸ்திரிப் பெட்டி, அடுப்பு போன்று சூடேறும் சாதனங்களைத் தொலைவிலிருந்து அணைக்க அனுமதிக்கலாம். ஆள் அருகில் இல்லாதபோது இயக்க அனுமதிப்பது ஆபத்து. அதேபோல், இணையம் இல்லாத நேரத்திலும் சுவரிலுள்ள சாதாரண சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். விளக்கைப் போடுவதற்கு எவரும் இணையத்துக்காகக் காத்திருக்கக்கூடாது.

சாவி யார் கையில்?

வீட்டை இயக்கும் செயலி, வீட்டுச் சாவியைப் போன்றது. 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீய நிரல், இணையத்துடன் இணைந்த ஏராளமான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அதற்கு அது பயன்படுத்திய வழி மிக எளியது. தொழிற்சாலையில் அமைக்கப்பட்ட மறைச்சொற்களைப் பலர் மாற்றாமலே விட்டிருந்தனர். அப்படிக் கைப்பற்றப்பட்ட சாதனங்களைக் கொண்டு நடத்தப்பட்ட தாக்குதலால், அவ்வாண்டு அக்டோபரில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களின் சேவை பல மணி நேரம் பாதிக்கப்பட்டது.

ஆகவே, முதன்முறை திறக்கும்போதே புதிய மறைச்சொல்லை அமைக்குமாறு செயலி வற்புறுத்த வேண்டும். செய்திகளை மறையாக்கம் செய்து அனுப்ப வேண்டும். வாங்குவோருக்கு உதவும் வகையில், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020ஆம் ஆண்டில் இத்தகைய சாதனங்களுக்கான முத்திரைத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. நான்கு நிலைகள் கொண்ட அந்த முத்திரை, சாதனம் எந்த அளவுக்குப் பாதுகாப்பானது என்பதைக் காட்டுகிறது.

பார்த்துக்கொள்வதும் கண்காணிப்பதும்

ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பாட்டி கீழே விழுந்துவிட்டால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தினர் வரவேற்பறையில் கேமரா பொருத்த நினைக்கலாம். அவர்களின் நோக்கம் அன்புதான். ஆனால், நாள் முழுவதும் பிறர் தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதை அந்தப் பாட்டி விரும்புவாரா? வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண் விரும்புவாரா? ஒருவரைப் பார்த்துக்கொள்வது வேறு. அவரைக் கண்காணிப்பது வேறு.

இங்கும் வடிவமைப்பு உதவும். கேமராவுக்குப் பதிலாக, அசைவை மட்டும் அறியும் உணர்கருவியைப் பயன்படுத்தலாம். காலையிலிருந்து நெடுநேரம் வீட்டில் எந்த அசைவும் இல்லையென்றால் மட்டும், அது குடும்பத்தினருக்குச் செய்தி அனுப்பும். பாட்டியின் முகமோ பேச்சோ எங்கும் பதிவாவதில்லை. எதைப் பொருத்தினாலும் முதலில் அவரிடம் கேட்டு, அவருடைய சம்மதத்தைப் பெறுவதே முறை.

ஒரு செயலியின் சிறப்பு, அதில் எத்தனை பொத்தான்கள் உள்ளன என்பதில் இல்லை. அது உண்மையைச் சொல்கிறதா, வீட்டின் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கிறதா, வீட்டிலுள்ள அனைவரையும் மதிக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. எதிர்காலத்தில் இத்தகைய செயலிகளை உருவாக்கப் போகிறவர்கள் இன்றைய மாணவர்களே. நிரல் எழுதக் கற்பதற்கு முன்பே அவர்கள் கற்கக்கூடிய பாடம் ஒன்று உண்டு. அது, வீட்டிலிருக்கும் பாட்டியின் அருகில் அமர்ந்து, “உங்களுக்கு என்ன வேண்டும், பாட்டி?” என்று கேட்பது.