ஆய்விதழ் மென்பொருளைக் கையில் எடுத்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்விதழ்களின் இணையதளங்களைக் கவனிக்கும் பொறுப்பு உனக்கு வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. "ஓஜேஎஸ் இலவசம்தானே, ஒரு சர்வரில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது" என்று மேலதிகாரி சொன்னதாக எழுதியிருந்தாய். அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பதில். உன்னைப் போல இந்த வேலைக்கு வருகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

1998-ல் கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் கல்வியியல் பேராசிரியர் ஜான் வில்லின்ஸ்கி 'பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட்' (சுருக்கமாகப் பிகேபி) என்ற திட்டத்தைத் தொடங்கினார். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியை மக்களே படிக்க முடியாமல் சந்தாக் கட்டணம் தடுக்கிறதே என்ற ஆதங்கத்தில் பிறந்த திட்டம் அது. கட்டுரையை வாங்குவது, மதிப்பாய்வுக்கு அனுப்புவது, திருத்துவது, வெளியிடுவது என ஆய்விதழ் வேலை முழுவதையும் ஒரே மென்பொருளில் செய்ய அவர்கள் உருவாக்கியதுதான் 'ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ்', அதாவது நம் ஓஜேஎஸ். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், நிரலைத் திருத்தலாம், பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் அதை வெளியிட்டார்கள்.

ஆனால் அதன் வரலாற்றில் முக்கியமான ஆண்டு 2005 என்பேன். அந்த ஆண்டுதான் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக நூலகம் இதில் கூட்டுச் சேர்ந்தது. மானியம் தீர்ந்தால் ஒரு பேராசிரியரின் திட்டம் நின்றுவிடும். நூலகம் அப்படியல்ல. அங்கே சம்பளம் வாங்கும் ஆட்கள் உண்டு, சர்வர் உண்டு, அடுத்த ஆண்டும் கதவு திறந்திருக்கும். பிற ஆய்விதழ்களின் தளங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்திக் கொடுத்து, அந்த வருமானத்தையும் நிரல் எழுதுபவர்களின் சம்பளத்துக்குத் திருப்பினார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் ஓஜேஎஸ்ஸில் இயங்கிய ஆய்விதழ்கள் 25,000-க்கும் மேல். எண்ணிக்கையில் முதலிடம் இந்தோனேசியாவுக்கு.

இத்தனை பேர் பயன்படுத்தும் பொருளைப் பராமரிப்பது யார் என்று கேட்டுப் பார். நம் ஊர் ஏரிகளுக்குக் குடிமராமத்து இருந்தது. தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து தூர்வாரினார்கள். ஓஜேஎஸ்ஸும் அப்படித்தான் பிழைத்திருக்கிறது. பின்லாந்தைப் பார். அந்நாட்டு அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு 'ஜர்னல்.ஃபை' என்ற தளத்தில் நாட்டின் ஆய்விதழ்களை ஓஜேஎஸ்ஸில் நடத்துகிறது. பின்னிஷ், ஸ்வீடிஷ், ஆங்கிலம் என்று பல மொழிகளில் இதழ் நடத்துகிறவர்களுக்குத் தேவைகள் பல. அவற்றுக்காக எழுதிய நிரலைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் மூல மென்பொருளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பல மொழிகளில் ஆய்விதழ் நடத்தும் நமக்கும் அதனால் லாபம். பிரேசிலில் தொடங்கிய சையெலோ என்ற ஆய்விதழ்த் திட்டமும் பிகேபியும் சேர்ந்ததில், மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடும் முன்பதிப்புகளுக்கான தனி மென்பொருள் உருவாகி, 2020-ல் சையெலோ அதில் தன் தளத்தைத் திறந்தது. கியூபெக்கில் ஆய்விதழ்களை இணையத்தில் வெளியிடும் எருதி நிறுவனத்தோடும் பிகேபிக்கு ஒரு கூட்டு நடக்கிறது.

கூட்டு ஏன் வேண்டும் என்பதற்கு எதிர்ப்புறச் சாட்சியும் உண்டு. கல்வியாளர்களே தொடங்கிய பிப்ரஸ் நிறுவனத்தின் மென்பொருளில் ஏராளமான நூலகங்கள் தங்கள் ஆய்வுக் களஞ்சியங்களை வைத்திருந்தன. 2017 ஆகஸ்டில் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியர் அதை விலைக்கு வாங்கிவிட்டது. எந்தப் பதிப்பகத்தின் பிடியிலிருந்து விலக நினைத்தார்களோ, அதன் கைக்கே தங்கள் களஞ்சியம் போய்விட்டதை நூலகர்கள் செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் வெளியேறும் முயற்சியை அறிவித்தது. ஓஜேஎஸ்ஸின் நிரலை அப்படி ஒருவர் வாங்கிப் பூட்ட முடியாது. ஆனால் பராமரிக்க ஆளில்லாவிட்டால், பூட்டப்படாமலேயே அது செத்துப்போகும். திறந்த உரிமம் பாதிப் பாதுகாப்புத்தான். மீதியைக் கூட்டாளிகள்தான் தர வேண்டும்.

இனி உன் அன்றாட வேலைக்கு வருகிறேன். மூல நிரலில் கை வைக்காதே. ஆசிரியர் குழு கேட்கிற மாற்றத்தைப் பிளக்-இன்னாகவோ தீமாகவோ செய். மூலத்தை வெட்டி ஒட்டிய தளங்கள் அடுத்த அப்டேட்டில் உடைகின்றன. உடையும் என்ற பயத்தில் அப்டேட்டே செய்யாமல் பழைய பதிப்பிலேயே கிடக்கும் தளங்களில் கடைசியில் யாரோ உள்ளே புகுந்துவிடுகிறார்கள். கட்டுரையாளர்கள் அனுப்பும் கோப்புகள் சேரும் ஃபோல்டர் வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க முடியாத இடத்தில் இருக்கிறதா என்று இன்றே பார். கட்டுரை என்ற பெயரில் தீய நிரலை ஏற்றுவது பழக்கமான தந்திரம். பேக்கப் எடுப்பதோடு விடாமல், அதிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்றும் சோதித்துப் பார்.

ஆய்விதழ் நின்றுபோனால் கட்டுரைகள் என்னவாகும் என்றும் யோசி. 2000 முதல் 2019 வரை 170-க்கும் மேற்பட்ட திறந்த அணுக்க ஆய்விதழ்கள் இணையத்திலிருந்தே மறைந்துபோனதாக ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஓஜேஎஸ் இதழ்களுக்கென்றே ஒரு பாதுகாப்பு வலையமைப்பைப் பிகேபி நடத்துகிறது. அதன் பிளக்-இன்னை இயக்கி, உன் இதழ்களை அதில் சேர்த்துவிடு.

மென்பொருளால் முடியாததும் ஒன்று உண்டு. போலி ஆய்விதழ் நடத்துகிறவர்களும் இதே மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். மதிப்பாய்வில் நேர்மையை எந்த மென்பொருளும் கொண்டுவராது. அது ஆசிரியர் குழுவின் கையில் இருக்கிறது. அதை அவர்களிடம் தயங்காமல் சொல்.

உன்னைப் போன்றவர்கள் ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இலங்கை ஆய்விதழ்களுக்கான 'ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன்' தளத்தை இனாஸ்ப் என்ற பிரித்தானிய அமைப்பு ஓஜேஎஸ்ஸில் தொடங்கியது. பின்னர் அது இலங்கைத் தேசிய அறிவியல் மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. வெளியார் உதவி உள்ளூர்க் கைகளுக்கு மாறியாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மாற வேண்டுமானால் நிரலும் நிர்வாகமும் தெரிந்த உன்னைப் போன்றவர்கள் நம்மிடம் இருக்க வேண்டும்.

பிழையைக் கண்டால் உன் தளத்தில் மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டு நகராதே. எப்படி நேர்கிறது என்று விளக்கி, பொதுவில் பதிவு செய். நிரல் எழுத வராவிட்டாலும் மொழிபெயர்ப்பில் உதவலாம். அந்த வேலை வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் நடக்கிறது. தமிழில் கட்டுரை அனுப்பும் ஆய்வாளருக்கு ஒவ்வொரு பொத்தானும் தமிழில் புரிய வேண்டும். அதற்கு வான்கூவரில் இருப்பவர்களை எதிர்பார்க்க முடியாது.

உன் மேலதிகாரியிடம் நான் சொன்னதாகவே சொல். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு இனங்களைச் சேர்க்க வேண்டும்: ஒன்று, சிறியதாக இருந்தாலும் சரி, பிகேபிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை; மற்றொன்று, மூல மென்பொருளுக்குத் திருப்பிச் செய்யும் பணிக்கென்று ஒதுக்கிய உன் வேலை நேரத்தின் ஒரு பகுதி. இரண்டையும் எழுத்தில் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்