சொட்டை விழுந்த புல்தரை: முதலில் மண்ணைப் பாருங்கள்
காரைக்கால் வீட்டுப் புல்தரையில் சொட்டை விழுந்தால், புதுப் புல் வாங்குமுன் மண்வெட்டியை எடுங்கள். அந்த இடத்தில் ஒரு சாண் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால், களிமண் இறுகி வேருக்குக் காற்றில்லை. ஆழக் கொத்தி மக்கிய எரு கலக்க வேண்டும். கோடையில் மேலே வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு. 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய நாகை, காரைக்கால் வயல்களில் உப்பைப் பெருமளவு கழுவி இறக்கியது அடுத்து வந்த மழைதான். ஆகவே வடிகாலைச் சரிசெய்து, ஐப்பசி, கார்த்திகை மழையை முழுக்க இறங்கவிட்டு, தை மாதம் நடுவதே முறை. இரண்டு மூன்று கணுவுள்ள அருகம்புல் துண்டுகளை நான்கு விரல் இடைவெளியில், ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, வேர் பிடிக்கும்வரை ஈரம் காயாமல் பாருங்கள். அருகு வயலில் களைதானே என்பார்கள். உண்மைதான். வரப்பை விட்டு விரட்ட முடியாத அந்தப் படரும் குணமும், உப்பைத் தாங்கும் திறனும்தான் இங்கே நமக்கு வேண்டும்.

களைகளில் கடினமானது கோரை. இலையை மட்டும் பிடுங்கினால் கிழங்கு தங்கி மறுபடி முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொட்டால் தோண்டி, கருத்த கிழங்கையும் அவற்றைக் கோத்திருக்கும் மெல்லிய தண்டையும் சேர்த்தே எடுங்கள். சில மாதங்களாவது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை இது. கிளைபோசேட் களைக்கொல்லியைத் தெளித்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்கலாம். அது கோரை, அருகு என்று பார்க்காது, சொட்டைதான் பெரிதாகும்.